மூன்றாவது மாடி இன்னும் இறங்கி வரவில்லை

1

"கையை ஆட்டாதீங்க! உயிரே போனாலும் ஆட்டாதீங்க!"

லிஃப்ட் மெக்கானிக் கத்தினாள். கத்துவதைத் தவிர அவளால் வேறு எதுவும் செய்ய முடியாது. அவளுடைய இரண்டு கைகளும் ஓர் இரும்புக் குழாயைக் கட்டிப் பிடித்திருந்தன. மூன்று குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்திய முக்காலி அது. உச்சியில், சங்கிலியை இழுத்துச் சுமையை ஏற்றி இறக்கும் செயின் பிளாக். செயினின் நுனியில் ஒரு கல் பெஞ்சு, ஆளுயரத்தில், அந்தரத்தில். பெஞ்சுக்கு நேர் கீழே, உறை போட்டு மூடிய பழைய ஸ்கூட்டர் ஒன்று.

கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவன். தூக்கிப் பிடித்திருந்த அவன் வலது கையில் ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது.

[இங்கே ஒரு 'திடீரென்று' போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். குளவி திடீரென்று எதையும் செய்வதில்லை. யோசித்துத்தான் கொட்டும்.]

"நான் ஆட்டலை," என்றான் அவன், உதடு அசையாமல். "அதுதான் நடக்குது."

"நடக்கட்டும். வாக்கிங் முடிஞ்சதும் தானா போயிடும்."

செயினைப் பிடித்திருந்த சலூன்காரரும், பெஞ்சு ஆடாமல் கயிற்றால் இழுத்துப் பிடித்திருந்த டீச்சரும் அந்தக் கையையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளவி விரல் முட்டிவரை வந்தது. நின்றது. பின்பக்கத்தைத் தூக்கி—

பெஞ்சு அங்கேயே தொங்கட்டும், வாசகரே. பயப்படாதீர்கள். நான் சொன்னால்தான் அது இறங்கும்.

2

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். போனில் வந்தது.

"சார், பூங்கா சிறப்பிதழ் போடுறோம்," என்றார் பத்திரிகையின் பொறுப்பாசிரியை. "சும்மா கிடக்கிற காலி மனையை அக்கம்பக்கத்துக்காரங்க சேர்ந்து தோட்டமாக்குற மாதிரி ஒரு கதை வேணும்."

"தந்துடலாம்மா. பிணத்தை எந்தப் பக்கம் போடலாம்? கிணறு ஏதாச்சும் இருக்கா?"

"பிணம் வேண்டாம் சார்."

"கை மட்டும்?"

"சார்..."

"ஒரு விரல்?"

"சார், பூச்செடி இருக்கணும். பெஞ்சு இருக்கணும். ஜனங்க அதுல சந்தோஷமா உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

"ஏன் உக்காந்திருக்காங்க? யாருக்காகக் காத்திருக்காங்க? அந்தப் பெஞ்சுக்கு அடியில..."

போனை வைத்துவிட்டார்.

என் மேலும் தப்பில்லை. வார இதழ்களின் நடுப்பக்கத்தில் வளர்ந்தவன் நான். அத்தியாயம் முடியும்போது யாராவது கதவைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. இத்தனை வருடம் வாரத்துக்கு ஒருவரைத் தீர்த்துக்கட்டிக் குடும்பம் நடத்தியவனிடம் போய்ப் பூச்செடி கேட்டால் எப்படி?

ஆனாலும் அப்படி ஒரு மனை எனக்குத் தெரியும். அங்கே நடந்ததை அப்படியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.*

* கேட்டுவிட்டீர்கள். தொடர்கதை வாசகர்களின் வியாதியே இதுதான். அஞ்சாவது பகுதி தாண்டட்டும், சொல்கிறேன்.

3

முதல் வரைவு: "அந்தக் காலி மனையில் காலம் உறைந்து கிடந்தது." [அடித்தாயிற்று. உறைந்து கிடந்தது காலம் இல்லை. யாரோ கொட்டிவிட்டுப் போன சிமென்ட்.]

இரண்டாவது வரைவு: "இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே அது ஒரு சொத்தைப் பல்லைப் போல..." [சொத்தை என்று சொல்லவாவது ஒரு பல் வேண்டாமா? இது பல்லைப் பிடுங்கிய இடம்.]

விட்டுவிடுவோம். உள்ளதைச் சொல்கிறேன். இடது பக்கம் லிஃப்ட் உள்ள உயரமான கட்டிடம். வலது பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம், மூன்று மாடி. நடுவில் நகராட்சிக்குச் சொந்தமான மனை. அதில் உடைந்த கழிப்பறைக் கோப்பை ஒன்று, ஸ்பிரிங் துருத்திய மெத்தை, கல்லாகிப் போன சிமென்ட் மூட்டைகள், ஓரமாக அந்த ஸ்கூட்டர்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்பது இடது கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில். நகரத்தில் எந்த லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். போவாள், கதவை நெம்புவாள், உள்ளே வியர்த்துப் போய் நிற்பவரிடம் "ஒண்ணுமில்லை, காலை எடுத்து வைங்க" என்பாள். வெளியே கொண்டுவந்து விடுவாள். அவளால் வெளியே எடுக்க முடியாமல் இருந்தது ஒரே ஓர் ஆளைத்தான். அந்த ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான்.

அவள் கணவன் கிரேன் ஓட்டியவன். கட்டிடங்களுக்கு மேலே நிற்குமே, அந்த உயரமான கிரேன். ஒரு நாள் ஏணியில் இறங்கும்போது கால் நழுவி இடுப்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, வேலை கூடவில்லை. அதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். "கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம், வாங்க" என்பாள். "என்ன இருக்கு கீழ?" என்பான். அவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கீழே இருந்தது கழிப்பறைக் கோப்பை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மண்வெட்டியோடு மனையில் இறங்கினாள். தெருமுனை சலூன்காரரும், பூகோள டீச்சரும் சேர்ந்துகொண்டார்கள். மூவருமாகச் சிமென்ட் மூட்டையைப் பிடித்துத் தூக்க முயன்றபோது, ஐந்தாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் இடியாக இறங்கியது.

"யோவ்! முதுகாலயா தூக்குவாங்க? முட்டிய மடக்குய்யா! டீச்சர், நீங்க என்ன மூட்டையைக் கொஞ்சுறீங்களா?"

மெக்கானிக் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அந்தக் குரல் திரும்பவும் உள்ளே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். வேண்டுமென்றே மூட்டையை இன்னும் மோசமாகத் தூக்கினாள்.

சற்று நேரத்தில் லிஃப்ட் கீழே வந்து நின்றது. கைத்தடியோடு அவன் வெளியே வந்தான். உதவி செய்ய வரவில்லை, திட்ட வந்தான். திட்ட வந்தவன் மாலைவரை இருந்தான். மறுநாளும் வந்தான். நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையை அசைத்து அசைத்து அத்தனை பேரையும் வேலை வாங்கினான். குப்பை போயிற்று. மண் வந்தது. கத்தரியும் வெண்டையும் முளை விட்டன.

ஆகவே இது பூங்காவைப் பற்றிய கதை இல்லை. அந்த மனை கையை விட்டுப் போனால் அவள் கணவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். அவளுக்குத் தோட்டம் என்றால் அது ஒன்றுதான். டீச்சருக்கு வேண்டுமானால் கத்தரிக்காய்.

4

இப்போது ஒரு வில்லன் வேண்டும்.

முதலில் தோட்டக்கலை அதிகாரியை வில்லியாக்கலாம் என்று பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. வந்தார், எருக்குழியை முகர்ந்து பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆனா இது நகராட்சி இடம். தோட்டமா விடணும்னா, இந்த மனையைப் பார்த்து ஜன்னல் வச்சிருக்கிற எல்லா வீட்டுலேருந்தும் ஆள் வரணும். இதே மண்ணுல நின்னு, என் கண்ணு முன்னாடி கை தூக்கணும்."

"எழுதி வாங்கித் தந்துடட்டுமா மேடம்?" என்றாள் மெக்கானிக்.

"எழுத்து வேண்டாம்மா. போன தடவை வேற ஒரு இடத்துல, செத்துப்போன மனுஷன் ஒருத்தர் சம்மதம் எழுதிக் குடுத்திருந்தார். அழகான கையெழுத்து வேற. வர்ற ஞாயிறு சாயங்காலம் வர்றேன். ஒரே ஒரு வீடு வரலைன்னாலும், ஜல்லி கொட்டி வண்டி நிறுத்துற இடமாக்கிடுவாங்க. அது என் கையில இல்லை."

எல்லா வீடும் சரி என்றது. பாக்கி, பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி. அங்கே ஆள் இருப்பது தெரியும். காலையில் பால் பாக்கெட் உள்ளே போகும். சாயங்காலம் விளக்கு எரியும். முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

"இதே தெருவுல எத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன்," என்றார் சலூன்காரர். "அந்த ஆளோட தலை என் கைக்கு வந்ததே இல்லை."

"மொட்டையா இருக்கும்," என்றார் டீச்சர்.

"மொட்டைக்கும் நான்தானே வேணும், டீச்சர்?"

ஆக, வில்லன் கிடைத்துவிட்டான். எழுத ஆரம்பித்தேன்.

வில்லன், வரைவு ஒன்று: மூன்றாவது மாடியில் கள்ளநோட்டு அச்சாகிறது. இருட்டில் அவனுடைய கண்கள் ஒரு குரூரமான— [நகரவில்லை. கள்ளநோட்டு அடிக்கிறவன் பால் பாக்கெட்டைக் கழுவி ஜன்னலில் காயப்போடுவானா?]

வில்லன், வரைவு இரண்டு: அவன் ஒரு தேடப்படும் குற்றவாளி. [இல்லை. அவனை யாருமே தேடவில்லை. அங்கேதான் சிக்கலே.]

5

சரி, பெஞ்சுக்குப் போவோம். அந்தரத்தில் தொங்கித் தொங்கி அதற்கும் அலுத்திருக்கும்.

கிரேன்காரன் தன் ஆட்களுக்கு முதல் பாடமாகச் சொன்னது இதைத்தான்: "சுமையைப் பார்க்காதே. என் கையைப் பார். யார் வாயால என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதே. மேல காத்து அடிக்கும், இன்ஜின் கத்தும், ஒண்ணும் கேக்காது. கை ஒண்ணுதான் பேசும்." இங்கே காற்றும் இல்லை, இன்ஜினும் இல்லை. இருந்தது ஒரு சலூன்காரரும் ஒரு டீச்சரும்தான். ஆனாலும் பாடத்தை அவர்கள் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். பெஞ்சை எங்கிருந்தோ சலூன்காரர் பிடித்து வந்தார். செயின் பிளாக்கை மெக்கானிக் வேலை செய்யும் இடத்தில் கேட்டு வாங்கி வந்தாள். தள்ளுவண்டியிலிருந்து பெஞ்சைத் தூக்கி, ஸ்கூட்டரைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குளவி கொட்டியது.

கிரேன்காரன் கையை உதறினான். உதறாமல் என்ன செய்வான்? வலியில் அந்தக் கை ஆடிய ஆட்டத்துக்குக் கிரேன் பாஷையில் 'இறக்கு' என்று அர்த்தமாகிவிட்டது. சலூன்காரர் இறக்கினார். கை இன்னும் ஆடியது. இன்னும் இறக்கினார்.

"நிறுத்துங்க!" என்று மெக்கானிக் கத்தினாள். "அது குளவி! குளவிய்யா!"

யாரும் திரும்பவில்லை. வாயால் சொன்னால் கேட்கக் கூடாதே! செயின் பிளாக்கில் எதையும் தடாலென்று போட முடியாது. அதனால் பெஞ்சு விழவில்லை. மெல்ல, மரியாதையாக, ஒரு பெரிய மனிதர் சோபாவில் அமர்வதுபோல ஸ்கூட்டரின் மேல் அமர்ந்தது. உறைக்குள்ளே ஹெட்லைட் உடைகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"கரெக்டா இறக்கிட்டேன் அண்ணே," என்றார் சலூன்காரர், கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிரேன்காரன் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைப் பார்த்தான். "யாருது அது?"

டீச்சர் மெதுவாக மேலே பார்த்தார். மூன்றாவது மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்து நின்றது.

6

மெக்கானிக் படியேறினாள். பாதியிலேயே மூச்சு வாங்கியது. லிஃப்ட்டோடு வாழ்கிறவர்களுக்குப் படி ஒத்துக்கொள்ளாது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். "வீட்டுக்காரர் முடியாதவர்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அவன் காதில் விழுந்தால் அன்றைக்கே படுத்துவிடுவான்.* கதவைத் தட்டினாள்.

* அவள் மனதில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அவளே சொன்னாள். மூடிய கதவுக்கு வெளியே நிற்பவர்கள் நிறையப் பேசுவார்கள்.

"யாரு?" கதவு திறக்கவில்லை.

"எதிர்க் கட்டிடம் சார். லிஃப்ட் மெக்கானிக்."

"இங்க லிஃப்ட் கிடையாதே."

"தெரியுது சார். அதான் இப்படி மூச்சு வாங்குது."

"என்ன விஷயம்?"

"உங்க ஸ்கூட்டர் மேல ஒரு பெஞ்சு உக்காந்திருக்கு."

"பெஞ்சு மேலதானே உக்காருவாங்க?"

"இந்தத் தடவை பெஞ்சுக்கு முறை வந்திடுச்சு சார். சரி பண்ணித் தந்துடறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு நிமிஷம் கீழ வந்து கை தூக்கிட்டுப் போயிடுங்க."

"முதல்ல ஸ்கூட்டர். அப்புறம்தான் கை."

அவள் சரி செய்தாள். மதிய இடைவேளைகளில், சாப்பாட்டுத் தூக்கை ஸ்கூட்டர் சீட்டிலேயே வைத்துக்கொண்டு. லிஃப்ட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் சம்பந்தமில்லைதான்; ஆனால் ஓடாததை ஓட வைப்பது அவளுக்குப் பழக்கம். முடிந்ததும் மறுபடி ஏறி வந்தாள்.

"ஓடுது சார்!"

"சாவி என்கிட்ட இருக்கே. எப்படி ஓடும்?"

"ரெண்டு வயரைச் சேர்த்தேன். உங்க கதையில வர்ற திருடன் அப்படித்தானே சார் பண்ணுவான்?"

ஆமாம். மூன்றாவது மாடி நான்தான். கதவில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை அவள் படித்திருக்கிறாள்.

"இதை அப்போதே கண்டுபிடித்தேன்" என்று நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்வது காதில் விழுகிறது. வாழ்த்துகள். ஆனால் இதழை மூடிவிடாதீர்கள். நான் ஒளித்து வைத்திருப்பது இது இல்லை.

ஸ்கூட்டர் சாக்கு போய்விட்டதால் எனக்கு வேறு சாக்கு வேண்டியிருந்தது.

"சத்தம்," என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. "உங்க வீட்டுக்காரர் போடுற சத்தத்துல எனக்கு ஒரு வரி ஓடலை."

"அவர் கையாலதானே சார் பேசறார்?"

"அந்தக் கைதான் சத்தமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க கடைசியா எப்ப சார் கீழ வந்தீங்க?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. தொடர்கதையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அங்கேயே 'தொடரும்' போட்டுவிடுவேன். முதலில் ஒரு தொடரின் கடைசி வாரம், தலைக்கு மேல் வேலை. பிறகு மழை. பிறகு முழங்கால். முழங்கால் சரியான பிறகு எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலேயே இறங்காமல் இருந்தேன். பால் வருகிறது, காய்கறி வருகிறது, பொறுப்பாசிரியை போனில் வருகிறார். இறங்கினால் என்ன ஆகும் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "கொலை எழுதிட்டு இருக்கேன். தொந்தரவு பண்ணாதீங்க," என்றேன்.

7

"முடிவு எங்க சார்?" பொறுப்பாசிரியை மறுபடியும் போனில்.

வைத்திருக்கிறேனே. ஒன்றுக்கு மூன்று.

ஒரு முடிவில், மூன்றாவது மாடிக்காரன் இறங்கி வந்து கை தூக்குகிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சிறப்பிதழுக்கு அட்டகாசமாகப் பொருந்தும். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதில் அந்த ஆள் அரை வாக்கியத்தில் மூன்று மாடியையும் இறங்கிவிடுகிறான். அந்தப் படிகள் எனக்குத் தெரியும். அவை அரை வாக்கியம் இல்லை.

இன்னொன்றில் அவன் வருவதில்லை. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். திங்கட்கிழமை ஜல்லி லாரி வருகிறது. கிரேன்காரன் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போகிறான்; மெக்கானிக் அவனுக்குப் பின்னால் நின்று ஐந்தாவது மாடிக்கான பொத்தானை அழுத்துகிறாள். இந்த முடிவு ஒரே மூச்சில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் வந்தது. எழுதி முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

மூன்றாவதில் அதிகாரி போலி. எருக்குழிக்குள் ஒரு— [பொறுப்பாசிரியை அம்மா, மன்னிக்கவும். கை தன்னால் போய்விட்டது.]

"இதுல எது சார் நடந்துச்சு?" என்றார் பொறுப்பாசிரியை.

"இன்னும் நடக்கலைம்மா. இன்னைக்குத்தான் ஞாயித்துக்கிழமை."

8

ஆக, இது மாலை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அதிகாரி வந்துவிட்டார். வெண்டைப் பாத்தியின் ஓரமாக எல்லா வீட்டுக்காரர்களும் வரிசையாக நிற்கிறார்கள். சலூன்காரர் கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குப் பாதிக் கன்னத்தில் சோப்பு. பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கிரேன்காரன் மட்டும் வரிசையில் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

கதவு தட்டப்படுகிறது. (நான் எழுதிய தட்டல் இல்லை. நிஜத் தட்டல்.)

"சார், எல்லாரும் வந்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

முடிவை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன், வாசகரே. நான் கை தூக்கினேனா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். படியில் இறங்கிக்கொண்டே எழுத எனக்குத் தெரியாது. இறங்காமல் இருந்தால் அதை எழுதப் பிடிக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் கொடுத்தால் நீங்கள் தப்பான முடிவை எழுதிவிடுவீர்கள். இதுவரை உங்களிடம் மறைத்தது இதுதான்: எனக்கு அந்தக் கிரேன்காரன் மேல் கோபம். காரணம் ஸ்கூட்டரும் இல்லை, சத்தமும் இல்லை. அவன் என்னை மிரட்டுகிறான்.

தினமும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, தனியாக உட்கார்ந்து என் ஜன்னலையே பார்ப்பான். பிறகு ஒரு விரலால் மண்ணைக் காட்டி, அந்த விரலைச் சுற்றுவான். அதற்கு மேலே இன்னொரு உள்ளங்கையை மூடிபோலப் பிடிப்பான். விரல், மண், மூடி. வாராவாரம் ஆளைப் புதைக்கிற எனக்கு இதற்கு விளக்கம் தேவையா? 'உன்னைக் குழி தோண்டி மூடிடுவேன்' என்கிறான்.

அதை இப்போது, தட்டியவளிடமே கேட்டுவிட்டேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்தச் சைகையை என் கையாலேயே செய்து காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் தினம் என்னைப் பார்த்து இப்படிப் பண்றாரே, என்ன அர்த்தம்? நான் அவருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமுமா பண்றார்?"

"தினமும்."

படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மிரட்டல் இல்லை சார்," என்றாள். "விரலைக் கீழ காட்டிச் சுத்தினா 'இறக்கு'ன்னு அர்த்தம். மேல உள்ளங்கையைப் பிடிச்சா 'அவசரமில்லை, மெதுவா'ன்னு அர்த்தம்."